டிராஃப்ட் இரவுக்கு எத்தனை பேருக்குக் கேசரி?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். மெல்பர்ன் வந்து 19 வருடம் ஆகிறது, கிரான்போர்னில் வீடு. ஒரே மகன், இங்கேயே பிறந்தவன், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஏழு வயதில் பக்கத்து வீட்டுப் பையனோடு ஆஸ்கிக் என்ற சிறுவர் ஃபுட்டி பயிற்சிக்குப் போனவன், இப்போது டாண்டினாங் ஸ்டிங்ரேஸ் என்ற இளையோர் அணியில் ஆடுகிறான். ஆஸ்திரேலிய ஃபுட்டியின் மேல்மட்டப் போட்டியான ஏ.எஃப்.எல்.-இன் கிளப்கள் புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் நவம்பரில் நடக்கிறது, அதில் அவன் பெயர் வரலாம் என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "இனிமேல் புத்தகத்தைத் தொடமாட்டேன், ஃபுட்டிதான்" என்கிறான் மகன். "பயோமெடிசின் சேராவிட்டால் இந்த வீட்டில் இடமில்லை" என்று சொல்லிவிட்டார் அவன் அப்பா. இருவரும் பேசிக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. மே மாதம் ஒரு மேட்சில் தலையில் அடிபட்டு, அன்று மதியம் நடந்தது எதுவுமே அவனுக்கு ஞாபகமில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெர்த், அடிலெய்ட் என்று எங்காவது எடுத்துவிட்டால் தனியாக எப்படி இருப்பான்? இந்த ஆட்டத்தில் நம்மவர்கள் யாரையுமே காணோமே, இவனை நிஜமாகவே கூப்பிடுவார்களா? ஊரில் என் மாமியார் "முட்டை மாதிரி பந்தை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு அது?" என்று கேட்கிறார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. (பெயர் வேண்டாம், கிரான்போர்ன்)

அன்புச் சகோதரிக்கு,

மற்ற எதற்கும் முன்னால் சமையலறையில் மாட்டியிருக்கும் காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். அக்டோபர் தொடக்கத்தில் டிராஃப்ட் கம்பைன்: 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், எம்பிக் குதிக்கும் உயரம் என்று அளந்து பார்ப்பார்கள். அக்டோபர் கடைசியில் வி.சி.இ. (பன்னிரண்டாம் வகுப்பு) எழுத்துத் தேர்வுகள் ஆரம்பம். நவம்பர் மூன்றாம் வார வாக்கில் டிராஃப்ட். டிசம்பர் நடுவில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஏட்டார் தரவரிசை. தேர்வு எழுதும் நாட்களில் உங்கள் மகன் எந்தக் கிளப்பின் சம்பளத்திலும் இருக்கமாட்டான். புத்தகத்தைத் தொடாமல் இருப்பதால் அவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கப்போவது வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி. அதையும் பாதி நேரம் போனில்தான் கழிப்பான். பதினேழு வயதுப் பையன்களை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவன் அப்பாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யூனியில் கிடைத்த இடத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். விளையாட்டு வீரர்களுக்கு அதற்கென்றே வழி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் இங்கே பல உண்டு. பயோமெடிசின் என்றால் அதற்குப் பின்னால் மருத்துவம் என்ற கணக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவமே ஒரு பட்டம் முடித்தவர்களுக்கான படிப்புதான். 21 வயதில் உள்ளே போகிறவனும் உண்டு, 28 வயதில் போகிறவளும் உண்டு. டிராஃப்ட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் நான் சொல்வது: தேர்வை ஒழுங்காக எழுதட்டும், விண்ணப்பத்தில் இடம் கேட்டு வைக்கட்டும், டிராஃப்டில் பெயரும் கொடுக்கட்டும். மூன்றையும் ஒரே நவம்பருக்குள் செய்துவிடலாம். அப்பாவும் மகனும் மூன்று வாரம் பேசாமல் இருப்பதற்கு இதில் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவின் பயம் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் இதை வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல நினைத்துக்கொள்கிறார்கள்.

வேலைக்கு நாம் விண்ணப்பிப்போம். இங்கே அவர்கள் எடுப்பார்கள், நாம் போக வேண்டும். இப்போது 18 கிளப்கள். அதில் 10 விக்டோரியாவில், மற்ற எட்டும் பெர்த், அடிலெய்ட், சிட்னி, பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் பக்கம். 2028-இல் டாஸ்மேனியாவும் சேர்கிறது. போன சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்று வரிசை போகும். வரிசை எண்ணைக் கிளப்கள் தங்களுக்குள் பண்டமாற்றும் செய்துகொள்ளும். தேசிய டிராஃப்டில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 70 பேர் எடுக்கப்படுகிறார்கள். அதன் பிறகு மிச்சமிருப்பவர்களிலிருந்து எடுக்கும் ரூக்கி டிராஃப்ட், சீசன் நடுவில் இன்னொன்று. நாடு முழுவதிலும் இருந்து இவ்வளவுதான்.

உங்கள் மகன் விஷயத்தில் ஒரு தனிக் கதவு இருக்கலாம். நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி என்று ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பகுதி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும், ஆசியா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அது. நீங்கள் இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள், அதனால் அவன் அந்தக் கணக்கில் வரக்கூடும். அகாடமிப் பையனை வேறொரு கிளப் கேட்டால், அவனை வளர்த்த கிளப் தன் வரிசை எண்களை ஈடாகக் கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விதி அடிக்கடி மாறும். உங்கள் டாண்டினாங் ஸ்டிங்ரேஸில் ஆடிய மேக் ஆண்ட்ரூ மெல்பர்ன் கிளப்பின் அகாடமியில் இருந்தவர். 2021-இல் முதல் 20 இடங்களுக்குள் ஈடு கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், ஐந்தாவது பெயராகக் கோல்ட் கோஸ்ட் அவரைக் கொண்டுபோய்விட்டது. மூன்றே வருடம் கழித்து, விதி தளர்ந்தபோது, ஈராக்கியக் குடும்பத்துப் பையன் ஐசக் காக்கோவை 13-ஆவது இடத்தில் எசென்டன் தன்னிடமே வைத்துக்கொண்டது. உங்கள் மகன் அகாடமிப் பட்டியலில் இருக்கிறானா, எந்தக் கிளப்பின் பட்டியலில் என்று ஸ்டிங்ரேஸ் அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து ரயிலில் போவதா, பெர்த்துக்கு விமானம் ஏறுவதா என்பது அந்த ஒரு பதிலில் இருக்கலாம்.

நம்மவர் யாருமே இல்லையே என்று கேட்டீர்கள். உண்மைதான், ஏ.எஃப்.எல். களத்தில் தெற்காசிய முகம் அபூர்வம். ஆனால் ரிச்மண்டுக்காக 2017, 2019, 2020 என்று மூன்று முறை கோப்பை வென்ற பாச்சார் ஹூலி, லெபனான் குடும்பத்துப் பிள்ளை. 2006-இல் எசென்டன் அவரை எடுத்தபோது 42-ஆவது பெயர். தொழுகையையும் ஃபுட்டியையும் சேர்த்தே நடத்திக்கொண்டு போனவர். தேர்வாளர்கள் பையனின் ஓட்டத்தைப் பார்ப்பார்கள், உதையைப் பார்ப்பார்கள், அடிபட்டு விழுந்த அடுத்த நிமிடம் என்ன செய்கிறான் என்று பார்ப்பார்கள். குடும்பப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தடுமாறுவார்கள், அதைச் சிரித்துக்கொண்டே திருத்திவிடுங்கள்.

சரி, இப்போது அப்பாவின் நியாயமான பயம்.

டிராஃப்டில் பெயர் வந்துவிட்டால் வாழ்க்கை செட்டில் என்று ஊரே நினைக்கும். உங்கள் கையில் வருவது இரண்டு வருட ஒப்பந்தம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டால், 2023 டிராஃப்டிலிருந்து, மூன்று வருடம். ரூக்கி என்றால் பெரும்பாலும் ஒரே வருடம். ஒரு கிளப்பின் பட்டியலில் 40 பேருக்கு மேல் இருப்பார்கள், வாரா வாரம் ஆடுவது அதில் பாதிதான். பதினெட்டு வயதில் 75 கிலோ எடையோடு உள்ளே போகிறவன், பத்து வருடம் இரும்பு தூக்கிய 95 கிலோ ஆட்களோடு மோதப் பழக வேண்டும். அதனால் முதல் வருடத்தில் பெரும்பாலோர் வி.எஃப்.எல். போன்ற இரண்டாம் நிலைப் போட்டியில்தான் சனிக்கிழமைகளைக் கழிப்பார்கள். 2019-இல் முதல் பெயராக அழைக்கப்பட்ட மேட் ரோவெல், 2020-இல் ஆட ஆரம்பித்த வேகத்தைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. ஐந்தாவது மேட்சில் தோள்பட்டை போனது, அந்த சீசன் அதோடு முடிந்தது. அடுத்த வருடம் முழங்கால். சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை அவர் வாங்கியது 2025-இல். நடுவில் அத்தனை வருடமும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு, முதல் பெயர் என்ற செல்வாக்கும் ஒரு காரணம். 50-ஆவது பெயருக்கு அந்தப் பொறுமை கிடைக்காது.

ஒவ்வொரு நவம்பரிலும் புதியவர்கள் உள்ளே வர வேண்டுமானால் பழையவர்கள் வெளியே போயாக வேண்டும். அந்தப் பக்கத்தை டி.வி.யில் காட்டமாட்டார்கள். எனக்குத் தெரிந்தது அந்தப் பக்கம்தான், ஏனென்றால் அங்கிருந்துதான் அடுத்த வேலை தேடி என்னிடம் வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். இருபது வயது. இரண்டு வருடம் ஒரு கிளப்பில் இருந்தவன், ஒரு சீனியர் மேட்ச்கூட ஆடவில்லை. சீசன் முடிந்ததும் ஓர் அறைக்குக் கூப்பிட்டுப் பத்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம், அதில் அவனுக்குக் குறையில்லை. பேசி முடித்ததும் என்னைக் கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான். டிக்கியில் கிளப் கொடுத்த பை, உள்ளே பூட்ஸ், அடியில் மண் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக அதை இறக்கவில்லை. "வீட்டுக்குள்ள கொண்டுபோய் வெச்சா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்" என்றான். அவனுக்கு வேலை தேடிக்கொடுப்பது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. நேரத்துக்கு வருவான், சொன்னதைச் செய்வான், திட்டினால் உடைந்துபோக மாட்டான்; இப்படி ஓர் ஆளை யார் வேண்டாம் என்பார்கள்? சிரமம் வியாழக்கிழமைகளில் இருந்தது. அணிப் பட்டியல் வெளியாவது வியாழன் மாலை. புது வேலையில் சேர்ந்து அரை வருடம் ஆகியும், வியாழன் ஐந்து மணி ஆனால் அவன் கை தானாகப் போனைத் தேடியது. பட்டியலில் தன் பெயர் இருக்க வழியே இல்லை என்று தெரிந்தும்.

அவனைக் காப்பாற்றியது ஒரு சின்ன விஷயம். கிளப்பில் வீரர் மேம்பாட்டு மேலாளர் என்று ஒருவர் இருப்பார், எல்லாக் கிளப்பிலும் உண்டு. அவர் நச்சரித்து நச்சரித்து இவனை அரையாண்டுக்கு ஒரே ஒரு பாடம் என்று ஒரு வணிகவியல் பட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தார். வெளியே வந்தபோது நான்கு பாடம் முடித்திருந்தான். பட்டமே இல்லை அது, ஆனால் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘மாணவன்’ என்று எழுத முடிந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்ட பையன்களையும் பார்த்திருக்கிறேன், சகோதரி. அவர்களோடு வேலை செய்வது வேறு மாதிரி இருக்கும்.

அதனால் டிராஃப்டில் பெயர் வந்தால், உங்கள் கணவரிடம் பயோமெடிசினை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்கிறேன். அது வாரம் முழுக்க ஆய்வுக்கூடம் கேட்கும் படிப்பு, கிளப்பின் பயிற்சி நேரத்தோடு ஒத்துப்போகாது. மகனிடம் அரையாண்டுக்கு ஒரு பாடம் என்று வாக்குறுதி கேட்கச் சொல்கிறேன். எந்தப் பாடம் என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். வீரர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு, அவர்களுடைய சங்கமான ஏ.எஃப்.எல். பிளேயர்ஸ் அசோசியேஷன் படிப்புச் செலவுக்கு உதவி தருகிறது. நேரமில்லை என்று அவன் சொன்னால் நம்பாதீர்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உறவினர்கள் கேட்பார்கள். 2023-இல் கையெழுத்தான ஊதிய உடன்பாட்டின்படி, சராசரி வீரரின் ஆண்டு ஊதியம் 2027-இல் 5 லட்சம் டாலரைத் தாண்டும். அந்தச் சராசரி மேலே இருக்கும் நட்சத்திரங்களால் தூக்கி நிறுத்தப்பட்டது. முதல் வருடப் பையனுக்கு ஓர் அடிப்படைத் தொகை, ஆடும் ஒவ்வொரு சீனியர் மேட்சுக்கும் தனித் தொகை. பதினெட்டு வயதுக்கு அது நல்ல பணம்தான், வீட்டுக் கடனை அடைக்கும் பணமில்லை. கார் வாங்குவதை இரண்டாவது ஒப்பந்தம் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

பெரிய பணமும் எல்லாவற்றையும் சரி செய்வதில்லை. 2013-இல் முதல் பெயராக எடுக்கப்பட்ட டாம் பாய்டை, ஒரு வருடத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஏழு வருட ஒப்பந்தத்தில் வாங்கியது. 70 லட்சம் டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. 2016 இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்துக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். 2019 மே மாதம், 23 வயதில், ஒப்பந்தத்தில் வருடங்கள் பாக்கியிருக்கும்போதே, மிச்சப் பணம் வேண்டாம் என்று ஓய்வு பெற்றுவிட்டார். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு பற்றியெல்லாம் பிறகு வெளிப்படையாகப் பேசினார். உங்கள் மகனிடம் அவர் கதையைச் சொல்லுங்கள், ஆனால் பயமுறுத்துவதற்காகச் சொல்லாதீர்கள். ஒருநாள் அவன் "முடியலம்மா" என்று போன் செய்தால், அந்த வார்த்தையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஏஜென்ட் விஷயம் எளிது. வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று அவரிடமே கேளுங்கள், சங்கத்திடமும் சரிபாருங்கள். முதல் ஒப்பந்தத்தின் தொகை பெரும்பாலும் உடன்பாட்டிலேயே நிர்ணயமாகியிருக்கிறது, அதில் அவர் பேரம் பேசிச் சாதிக்க அதிகம் இல்லை. எனவே "நான் இல்லாவிட்டால் டிராஃப்ட் ஆகமாட்டான்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். நான் மருத்துவன் இல்லை, அதனால் மேலோட்டமாக ஆறுதல் சொல்லமாட்டேன். ஞாபகம் விட்டுப்போகும் அளவுக்கான அடி என்பது கன்கஷன், மூளை அதிர்ச்சி. இப்போதைய ஆஸ்திரேலிய வழிகாட்டுதலின்படி, அவன் வயதுக்காரர்களும் உள்ளூர் வீரர்களும் அடிபட்டதிலிருந்து குறைந்தது 21 நாள் போட்டியில் இறங்கக் கூடாது. மோதலுள்ள பயிற்சிக்குத் திரும்பும் முன் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஏ.எஃப்.எல். மட்டத்தில் குறைந்தது 12 நாள், அங்கே முழுநேர மருத்துவர்கள் இருப்பதால். உங்கள் மகனுக்கு அந்த நாட்கள் ஒழுங்காக எண்ணப்பட்டனவா? யார் எண்ணினார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாவிட்டால், டிராஃப்டுக்கு முன்னால் கன்கஷன் பார்க்கும் ஒரு விளையாட்டு மருத்துவரிடம் போய்வாருங்கள்.

இதில் பெரிய ஆபத்து பையன்கள் மறைப்பது. நவம்பர் நெருங்க நெருங்க, தலைவலியைச் சொன்னால் கிளப்கள் பின்வாங்கிவிடும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். மெல்பர்ன் கிளப்பின் ஆங்கஸ் பிரேஷா 2021-இல் கோப்பை வென்ற அணியில் இருந்தவர், தலைக்கவசம் போட்டே ஆடியவர். 2023 இறுதிச் சுற்றில் ஒரு மோதல், 2024 பிப்ரவரியில் மருத்துவர்கள் சொல்லி ஓய்வு. வயது 28. அவருக்கு அதற்கு முன்பும் பல முறை தலையில் அடிபட்டிருந்தது. ஒரு அடி வாங்கிய பையன் எல்லோருக்கும் அது நடக்கும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலோருக்கு நடப்பதில்லை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு கண்டிப்பான விதி வைப்பதாக இருந்தால் அது மதிப்பெண்ணைப் பற்றி வேண்டாம். தலை வலித்தால், வெளிச்சம் கூசினால், அன்றைக்கே சொல்ல வேண்டும்; சொன்னதற்காக யாரும் திட்டமாட்டார்கள். அந்த விதியை வைக்க வேண்டியவர் அவன் அப்பா. பேச்சை மறுபடி ஆரம்பிக்க அவருக்கு அது ஒரு சாக்காகவும் இருக்கும்.

நம் வீடுகளுக்கென்றே உள்ள இரண்டு எச்சரிக்கைகள் மிச்சம். ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் லேகியம், சூரணம், மூட்டுவலிக் கஷாயம் எதையும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது, எழுதியிருந்தாலும் சோதனைச்சாலை ஏற்காது. ஊக்கமருந்து விதி இப்போதே, ஸ்டிங்ரேஸிலேயே அவனைக் கட்டுப்படுத்துகிறது. 2016 ஜனவரியில் எசென்டனின் இந்நாள் முன்னாள் வீரர்கள் 34 பேர் தடை செய்யப்பட்டார்கள், அந்த சீசன் முழுவதும் போனது. கிளப் ஏற்பாடு செய்த ஊசிகள் என்று அவர்கள் நம்பியது அவர்களைக் காப்பாற்றவில்லை. பாட்டி அன்பாகக் கொடுத்தது என்பதும் காப்பாற்றாது. ரசத்தில் போடும் மிளகுக்கும் மஞ்சளுக்கும் தடை இல்லை, கவலை வேண்டாம்.

இன்னொன்று குடும்ப வாட்ஸ்அப் குழு. "தம்பிக்குத் தொடையில பிடிப்பாமே, இந்த வாரம் ஆடமாட்டானாம்" என்று ஒரு சித்தப்பா எழுதுவார். அடுத்த மாநிலத்தில் இருக்கும் அவர் நண்பர் அதை வைத்துப் பந்தயம் கட்டுவார். வெளியே தெரியாத அணித் தகவலை வீட்டுக்குச் சொல்வதே ஏ.எஃப்.எல். வீரருக்குத் தப்பு, அது பந்தயத்துக்குப் பயன்பட்டால் பெரிய தப்பு. காலிங்வுட் வீரர் ஜெய்டன் ஸ்டீவன்சனுக்கு 2019-இல் வயது 20. தான் ஆடிய மேட்சுகள் உட்பட ஏ.எஃப்.எல். ஆட்டங்களில் சிறு தொகைகளுக்குப் பந்தயம் கட்டியதற்குப் பத்து மேட்ச் வெளியே உட்கார்ந்தார், 20,000 டாலர் அபராதமும் கட்டினார். மகனிடம் காயத்தைப் பற்றி விசாரித்தால் உங்கள் இருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் ஆடுகிறானா என்று சித்தப்பா வியாழக்கிழமை மாலை எல்லோரையும்போலப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வெளிமாநிலம் போனால் எப்படி இருப்பான் என்கிறீர்கள். டிராஃப்ட் முடிந்த சில நாட்களில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும், யோசிக்க நேரம் தரமாட்டார்கள். புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் கிளப் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்க வைக்கும். அந்த வீட்டம்மாவோடு முதல் வாரமே போனில் பேசிவிடுங்கள். உங்களுக்குச் சமைப்பதைப் பற்றிக் கேள்வி இருக்கும், அவருக்கும் இருக்கும். பெர்த் என்றால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வெளிமாநிலத்துப் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் விமான நிலையத்திலேயே எடுத்துப் போடச் சொல்வார்கள். தோட்டத்துக் கறிவேப்பிலையை அவன் பையில் திணித்து அனுப்பாதீர்கள். முதல் குளிர்காலத்தில் வீட்டு ஏக்கம் வரும். அப்போது நீங்கள் அங்கே போய்ப் பத்து நாள் தங்கினால் அவனுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அணிக்குள் அவன் ஒட்டிக்கொள்வது பதினோராவது நாள்தான் ஆரம்பிக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேட்ச் பார்க்கப் போய் மூன்றாம் நாள் திரும்பிவிடுவேன்.

பெயர் வராமலும் போகலாம். அதற்கும் வீட்டில் இடம் வைத்திருங்கள். ஜேம்ஸ் ஹர்ட் 1990 டிராஃப்டில் 79-ஆவது பெயர். டேன் ஸ்வான் 58-ஆவது பெயர், 2011-இல் பிரவுன்லோ வாங்கினார். ஜீலாங்கின் டாம் ஸ்டூவர்ட்டை எடுத்தபோது அவருக்கு வயது 23. மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் 2019 சீசன் நடுவில், 27 வயதில் எடுத்தது. அவருடைய முதல் ஏ.எஃப்.எல். மேட்சே அந்த வருட இறுதிப் போட்டி, 1 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்க. இவையெல்லாம் விதிவிலக்குகள்தான், இருந்தாலும் பதினெட்டில் கதவு பூட்டிவிடுவதில்லை என்று தெரிந்த பையன் தேர்வை நிம்மதியாக எழுதுவான்.

டிராஃப்ட் இரவைப் பற்றி ஒரு வேண்டுகோள். நான் போயிருந்த ஒரு வீட்டில் நாற்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் முடிந்தது, பெயர் வரவில்லை. இரண்டாம் நாளும் வந்தார்கள், பாத்திரம் நிறையக் கேசரி, சுவரில் பலூன். கடைசிப் பெயரும் படித்து முடித்த பிறகு யாரும் எழுந்து போகவும் இல்லை, பேசவும் இல்லை. பையன் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தான். மூன்று நாள் கழித்து ரூக்கியாக ஒரு கிளப் எடுத்தது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட அவனிடம் தெம்பு இல்லை. நீங்கள் கேசரி செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். நாலு பேருக்கு.

கடைசியாக, உங்கள் மாமியாருக்கு. பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்கும் எம்.சி.ஜி. மைதானத்தை டி.வி.யில் பார்த்திருப்பார். அதே மைதானம்தான், கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் இது. 1858-இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் எங்கள் ஆட்கள் உடம்பு கெட்டுப்போகாமல் இருக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் விதிகளை எழுதி வைத்தார்கள். ஒரு பக்கம் 18 பேர். பந்தை உதைக்கலாம், முஷ்டியால் தட்டிக் கொடுக்கலாம், எறியக் கூடாது. நடுவிலிருக்கும் இரண்டு உயரக் கம்பத்துக்கு இடையே உதைத்தால் 6, பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1. பந்து ஏன் முட்டை மாதிரி என்று மறுபடி கேட்டால், தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியக் கூடாது, அதற்குத்தான் என்று சொல்லிவிடுங்கள். வரலாற்றுக் காரணம் வேறு, ஆனால் உங்கள் மகனைக் கேட்டால் இதைத்தான் சொல்வான்.